கிரிமினல் மைண்ட்ஸ்: மறுநாளும் மனதைவிட்டுப் போகாத பகுதிகள் எவை? (கதை முடிவுகள் பேசப்படுகின்றன)

தெம்பனிஸ்_ஆந்தை | இரவு 11.42

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இங்கே முடிவுகளையெல்லாம் வெளிப்படையாகத்தான் பேசப்போகிறோம். இன்னும் பார்க்காதவர்கள் இந்த இழையை இப்போதே மூடிவிடுங்கள்.

கொலைகாரர்களின் மனதை ஆராய்ந்து அவர்களைப் பிடிக்கும் எஃப்பிஐ குழுவைப் பற்றி, 2005 செப்டம்பரில் சிபிஎஸ் தொலைக்காட்சியில் தொடங்கி 2020 பிப்ரவரி வரை ஓடிய அமெரிக்கத் தொடர். 15 பருவங்கள், 324 பகுதிகள். நானும் மனைவியும் இப்போது முதலிலிருந்து மறுபடி பார்த்துக்கொண்டு வருகிறோம். இணையத்தில் 'மிகக் கொடூரமான பகுதிகள்' என்று தேடினால் கிடைக்கும் பட்டியல்கள் எல்லாவற்றிலும் ரத்தமும் சதையும்தான் முன்னால் நிற்கின்றன. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ரத்தத்தைப் பார்த்த அதிர்ச்சி அன்றிரவோடு தீர்ந்துவிடுகிறது. மறுநாள் எம்ஆர்டி ரயிலில் நின்றுகொண்டிருக்கும்போது திடீரென்று நினைவுக்கு வந்து வயிற்றைப் பிசைவது வேறு வகை.

என் தேர்வு ஐந்தாம் பருவத்தின் 'மோஸ்லி லேன்'. அந்தக் குழுவில் டாக்டர் ரீடாக நடிக்கும் மேத்யூ கிரே கப்ளரே இயக்கியது. ஒரு வயதான தம்பதி ஆண்டுக்கணக்கில் பிள்ளைகளைக் கடத்தி வீட்டில் அடைத்துவைக்கிறார்கள். தகனம் செய்யும் தொழில் அவர்கள் கையிலேயே இருப்பதால், இறந்த பிள்ளைகளின் தடயம்கூட மிஞ்சுவதில்லை. இதில் என்னை உலுக்கியது அந்தத் தம்பதி இல்லை, சாரா ஹில்ரிட்ஜ் என்ற அம்மா. மகன் சார்லி காணாமல்போய் எட்டு ஆண்டு ஆகிறது. ஊரில் எந்தப் பிள்ளை காணாமல்போனாலும், என் மகனைக் கொண்டுபோனவர்கள்தான் இதையும் செய்திருப்பார்கள் என்று ஓடிவருகிறார். பைத்தியம் பிடித்தவர் என்று எல்லோரும் பரிதாபமாகப் பார்க்கிறார்கள். கடைசியில் அவர் சொன்னதுதான் சரி. சார்லி உயிரோடு கிடைக்கிறான்.

அத்தோடு முடிந்திருந்தால் நிம்மதியாகத் தூங்கப் போயிருப்பேன். அதே வீட்டில் இன்னொரு பையனும் இருந்தான். அவனுடைய பெற்றோர், இனி நம்பிக்கை வைப்பதில் அர்த்தமில்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டவர்கள். தங்கள் மகன் மிக அண்மைக்காலம்வரை உயிரோடுதான் இருந்தான் என்று அவர்களிடம் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

உங்களுடையது எது? ஏன் என்றும் எழுதுங்கள். தலைப்பை மட்டும் போட்டுவிட்டுப் போகாதீர்கள்.


ஜூரோங்_பையன் | இரவு 11.58

அண்ணே, ரத்தத்தை அப்படி ஒதுக்கிவிட முடியாது. எட்டாம் பருவத்து 'தி லெசன்' பார்த்திருக்கிறீர்களா? அதுவும் கப்ளர் இயக்கியதுதான். ஆட்களைக் கடத்தி, மூட்டுகளைக் கழற்றி, கயிறு கட்டி, பொம்மலாட்டப் பாவைகளாக மேடையில் ஆட்டுகிறான். பிராட் டூரிஃப் அந்த வேடத்தில். மூட்டு கழலும் சத்தம் கேட்டதும் ஒலியை அணைத்துவிட்டேன். தேசிய சேவையில், அதாவது கட்டாய ராணுவப் பயிற்சியில், தோள்பட்டை ஒருமுறை நழுவிய ஆள் நான். அந்த வலி எப்படி இருக்கும் என்று உடம்புக்குத் தெரியும். அதனால் எனக்கு அது அன்றிரவோடு தீரவில்லை.


நைட்ஷிப்ட்_தாதி | அதிகாலை 2.15

ஜூரோங் தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது. உடம்பு நினைவில் வைத்துக்கொள்ளும். ஆனால் 'தி லெசன்' பகுதியைவிட எனக்கு ஐந்தாம் பருவத்தின் 'தி அன்கேனி வேலி' பயங்கரம். அட்லாண்டிக் சிட்டியில் நடக்கும் கதை. சமந்தா என்ற பெண், மற்றப் பெண்களைக் கடத்தி, உடல் அசையாமல் இருக்க மருந்தைத் தொடர்ந்து ஏற்றி, பொம்மைகளைப் போல உடுத்தி, நாற்காலிகளில் உட்காரவைக்கிறாள். அவர்களுக்கு நினைவு இருக்கிறது. எல்லாம் கேட்கிறது, உணர்வும் இருக்கிறது. விரல் நுனியைக்கூட அசைக்க முடியவில்லை.

நான் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்த்தவள். செயற்கை சுவாசத்தில் இருக்கும் நோயாளிக்குத் தசையைத் தளர்த்தும் மருந்து கொடுத்திருந்தால், கூடவே மயக்க மருந்தும் வலி மருந்தும் போதிய அளவு போகிறதா என்று அடிக்கடி பார்ப்போம். அவர் முகம் எதையும் காட்டாது. முகம் அமைதியாக இருக்கிறது என்பதற்காக வலியில்லை என்று முடிவு கட்டிவிடக்கூடாது. இதைத்தான் புதிதாக வரும் தாதியருக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பேன். எங்கள் வேலையில் நாங்கள் அஞ்சும் ஒன்றையே ஒருத்தி வேண்டுமென்று செய்வதைப் பார்த்தபோது கை நடுங்கியது.

அப்புறம் அந்தச் சமந்தாமேல் எனக்குக் கோபம் வரவில்லை. அதுவும் ஒரு தொந்தரவுதான். அவளுடைய அப்பாவே மனநல மருத்துவர். மகளுக்குத் தான் செய்த கொடுமை வெளியே வராமல் இருக்க அவளுக்கு மின்னதிர்ச்சி கொடுத்தவர். அவளுடைய பொம்மைகளையும் வேறு பிள்ளைக்குக் கொடுத்துவிட்டார். ரீட் அந்தப் பழைய பொம்மைகளைத் தேடிக் கொண்டுவந்து கையில் கொடுக்கும்போது அவள் குழந்தை மாதிரி அடங்கிப்போகிறாள். குற்றவாளிக்காக அழுதுவிட்டு, அந்த நாற்காலிகளில் இருந்த பெண்களை நினைத்து இன்னும் அழுதேன்.


ஃபேரர்பார்க்_பழசு | காலை 7.05

ஆந்தைத் தம்பி, 'மோஸ்லி லேன்' பற்றி எழுதியதைப் படித்துவிட்டு இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

இளையவர்களுக்குத் தெரிந்திருக்காது. 1986 மே மாதம், இங்கே சிங்கப்பூரில், ஓவன் தொடக்கப்பள்ளியில் படித்த 12 வயதுச் சிறுவர்கள் இருவர் காணாமல்போனார்கள். பள்ளிக்குப் போனவர்கள் வீடு திரும்பவில்லை. மெக்டோனல்ட்ஸ் நிறுவனம் 100,000 வெள்ளி சன்மானம் அறிவித்தது. அதனால் 'மெக்டோனல்ட்ஸ் சிறுவர்கள்' என்றே ஊர் அவர்களை அழைத்தது. சன்மானத்தை யாரும் வாங்கவில்லை. அவர்களுக்கு என்ன ஆனது என்பது இன்றுவரை தெரியவில்லை.

நான் அப்போது அந்த வட்டாரத்திலேயே, ஏறக்குறைய அதே வயதில், வேறு பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். அதுவரை நாங்கள் தேக்கா வரை நடந்தே போய்விட்டு வருவோம், யாரும் கேட்கமாட்டார்கள். அந்த மே மாதத்துக்குப் பிறகு என் அம்மா பள்ளி வாசலில் வந்து நிற்கத் தொடங்கினார். நாங்கள் உயர்நிலைக்குப் போன பிறகும் நிறுத்தவில்லை.

'மோஸ்லி லேன்' ஒரு கற்பனைக் கதை, ஒரு மணி நேரத்துக்குள் விடை சொல்லிவிடுகிறது. அந்த விடை எவ்வளவு கொடியதாக இருந்தாலும் விடை என்று ஒன்று இருக்கிறது. அந்த இரண்டு வீடுகளுக்கு அதுகூடக் கிடைக்கவில்லை. அந்தப் பகுதியை நான் ஒரே ஒருமுறைதான் பார்த்தேன். இனி பார்க்கமாட்டேன்.


தெம்பனிஸ்_ஆந்தை | காலை 7.31

அண்ணே, எழுதியதற்கு நன்றி. என் அம்மாவும் அந்தச் சிறுவர்களின் படங்களைச் செய்தித்தாளில் பார்த்ததைச் சொல்வார். காத்திருப்பவர்களை மையமாக வைத்து எழுதிய பகுதிகள்தான் இந்தத் தொடரில் உண்மைக்கு மிக அருகில் வருகின்றன என்பது என் எண்ணம். கொலைகாரன் எப்படி யோசிக்கிறான் என்பதைச் சொல்லும் தொடர் என்றுதான் விளம்பரம். நல்ல பகுதிகளில் அவன் பின்னால் போய்விடுகிறான்.


கோப்பி_ஓ_கோசோங் | காலை 9.20

மூன்றாம் பருவம், 'லக்கி'. யாரும் சொல்லாதது ஆச்சரியமாக இருக்கிறது! ஜேமி கென்னடி நடித்தது. காணாமல்போன பெண்ணை ஊரே சேர்ந்து தேடுகிறது. தேடும் தொண்டூழியர்களுக்கு ஒருவன் சமைத்துப் போடுகிறான். எல்லோரும் பசியோடு சாப்பிடுகிறார்கள். கடைசியில் பாதிரியார், கடவுள் நம் எல்லோருக்குள்ளும் இருக்கிறார் என்று சொல்ல, அந்தப் பெண்ணும்தான் இருக்கிறாள் என்கிறான் அவன். அந்த ஒரு வரியில் எல்லாம் விளங்கிவிடுகிறது. அதே பகுதியின் கடைசி நொடிகளில் குழுவின் கணினி நிபுணர் கார்சியா சுடப்படுகிறாள். இரண்டையும் ஒரே இரவில் தாங்குவது கஷ்டம்.

நம் ஊரிலேயே கறிக் கொலை நடந்திருக்கிறதே. அதை வைத்துப் பார்த்தால் 'லக்கி' ஒன்றும் நம்ப முடியாத கதை இல்லை.


ஃபேரர்பார்க்_பழசு | காலை 9.48

தம்பி, அந்த வழக்கை இவ்வளவு லேசாகக் கொண்டுவந்து சேர்க்காதீர்கள்.

1984-ல் காணாமல்போனவர் சாங்கியில் விடுமுறை இல்லங்களைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு தமிழர். 1987-ல், அவரைக் கொன்றதாக அவர் குடும்பத்தைச் சேர்ந்த சிலர் கைதானார்கள். வழக்கு விசாரணைக்கு வந்த அன்றே போதிய சாட்சியம் இல்லாமல் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. அது முழு விடுதலை இல்லை என்பதும் உண்மை. ஆனால் உடல் கிடைக்கவே இல்லை. சமைத்தார்கள் என்பது நிரூபிக்கப்படாத குற்றச்சாட்டு. 'கறிக் கொலை' என்ற அந்தச் சொல் மட்டும் நாற்பது ஆண்டாக ஊர் வாயில் சுற்றுகிறது. இதற்குள் ஒரு மனிதர் காணாமல்போனார் என்பதே மறந்துவிட்டது.

'லக்கி' பகுதியில் வருபவளுக்கு யாரும் உறவில்லை, அவள் எழுத்தாளரின் கற்பனை. இந்த வழக்கில் சம்பந்தப்பட்டவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் நம்மோடு ஒரே தீவில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் இந்த இழையைப் படிக்கலாம்.


கோப்பி_ஓ_கோசோங் | காலை 10.02

புரிகிறது அண்ணே. இனி அதை இங்கே இழுக்கமாட்டேன்.


செங்காங்_டியூஷன்_டீச்சர் | மதியம் 1.10

'நார்த் மேமன்', இரண்டாம் பருவம். அதில் ரத்தம் மிகக் குறைவு.

சின்ன ஊர். காற்பந்து விளையாடும் மூன்று பதின்ம வயதுத் தோழிகளை ஒருவன் நிலவறையில் அடைக்கிறான். சாப்பாடு இல்லை. அவன் சொல்வது ஒன்றுதான்: உங்களில் யார் சாக வேண்டும் என்று நீங்களே முடிவு செய்யுங்கள், மற்ற இருவரும் வீட்டுக்குப் போகலாம். மேலே அவர்களுடைய அம்மாக்களும் தோழிகள். கீழே பிள்ளைகள் உடைய உடைய மேலே அவர்களும் உடைகிறார்கள். கடைசியில் மூன்று குடும்பம் காத்திருக்கிறது, இரண்டு பிள்ளைகள் வருகிறார்கள். கொன்ற கை அவனுடையது இல்லை. திரும்பி வந்தவர்கள் அந்த ஊரிலேயே, மூன்றாமவளின் அம்மாவுக்கு எதிரில், வாழ்ந்தாக வேண்டும்.

உயர்நிலை மூன்று, நான்கு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். அந்த வயதுப் பெண் பிள்ளைகளின் நட்பு எவ்வளவு இறுக்கமானது, எவ்வளவு சீக்கிரம் புண்படக்கூடியது என்று தினமும் பார்க்கிறேன். ஒருத்தி குழுவில் ஒரு செய்திக்குப் பதில் போடவில்லை என்றால் மற்ற இருவரும் வகுப்பில் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள். அந்த நிலவறையில் நடக்கும் பேச்சு எனக்கு அந்நியமாகவே இல்லை. உடம்பு சரியில்லாதவளைத் தேர்ந்தெடுக்கலாம் என்று முதலில் சிந்தனை போகிறதே, அந்த இடத்தில் நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே போய் நின்றேன். எழுதியவர்களுக்குப் பிள்ளைகளின் மனம் தெரிந்திருக்கிறது.


புக்கிட்பாத்தோக்_வாசகி | மாலை 6.37

நான் நான்காம் பருவத்தின் இறுதிப் பகுதிகளைச் சொல்வேன். 'டு ஹெல்', 'அண்ட் பேக்' என்று இரண்டும் சேர்ந்து ஒரே கதை. கனடாவின் ஒன்டாரியோவில் ஒரு பன்றிப் பண்ணை. கழுத்துக்குக் கீழே அசைய முடியாத அண்ணன் மேசன் சொல்லச் சொல்ல, அறிவு வளர்ச்சி குன்றிய தம்பி ஆட்களைப் பிடித்து வருகிறான். பிணங்கள் பன்றிகளுக்கு. காவல்துறை கண்டெடுப்பது 89 ஜோடிக் காலணிகள்.

எல்லோரும் பன்றிகளைப் பற்றித்தான் பேசுவார்கள். கதை எங்கே தொடங்குகிறது என்று நினைத்துப் பாருங்கள். டெட்ராய்ட்டில் ஒருவருடைய தங்கை காணாமல்போகிறாள். அந்தத் தெருவில் வீடில்லாதவர்களும் போதைக்கு அடிமையானவர்களும் பாலியல் தொழில் செய்பவர்களும் ஒவ்வொருவராக மறைகிறார்கள். யாரும் தேடவில்லை. அந்த அண்ணன், முன்னாள் ராணுவ வீரர், காரை எல்லைச் சாவடிக்குள் ஓட்டிப்போய், பத்துப் பேரை நான்தான் கொன்றேன் என்று பொய் சொல்கிறார். அப்படிச் சொன்னால்தான் யாராவது விசாரிப்பார்கள் என்பதற்காக. ஒருவர் தன்னைக் கொலைகாரன் என்று சொல்லிக்கொண்டால்தான் அவருடைய தங்கையைத் தேடுவார்கள் என்ற நிலைமை, அதுதான் எனக்கு இந்தத் தொடரிலேயே மிகக் கொடூரமான விஷயம்.

இதன் பின்னணியில் உண்மை வழக்கு இருக்கிறது. கனடாவின் போர்ட் கொக்விட்லாமில் பன்றிப் பண்ணை வைத்திருந்த ராபர்ட் பிக்டன். 2007-ல் ஆறு பெண்களைக் கொன்றதாகத் தண்டிக்கப்பட்டான். பண்ணையில் 33 பெண்களின் எச்சங்களோ மரபணுவோ கிடைத்தன. பலர் வான்கூவரின் ஏழ்மையான பகுதியைச் சேர்ந்தவர்கள், அவர்களில் பூர்வகுடிப் பெண்கள் நிறையப் பேர். பின்னர் நடந்த பொது விசாரணையின் 2012 அறிக்கை, காணாமல்போன அந்தப் பெண்களைக் காவல்துறை பொருட்படுத்தாமல் விட்டதைக் கடுமையாகச் சாடியது. தொடர் அந்தப் புறக்கணிப்பைக் கதையின் மையத்தில் வைத்தது. அதற்காகவே எனக்கு மரியாதை.

இப்போது நான் சொல்லப்போவது தொடரைப் பற்றி இல்லை, ஆனால் அதிலிருந்துதான் வருகிறது. வெளிநாட்டுப் பணிப்பெண்களுக்கு வார இறுதியில் ஆங்கிலம் கற்றுக்கொடுக்கிறேன். 2016 ஜூலையில் இங்கே பீஷானில், ஒரு வீட்டில், மியன்மாரிலிருந்து வந்த 24 வயதுப் பணிப்பெண் இறந்தார். இறக்கும்போது எடை 24 கிலோ. பட்டினி, அடி, இரவில் சன்னல் கம்பியோடு கட்டிவைத்தது. வீட்டுக்காரர்கள் தாங்களே பொருத்தியிருந்த கண்காணிப்புக் கேமராக்களில் எல்லாம் பதிவாகியிருந்தது. 2021-ல் முதலாளிக்கு 30 ஆண்டுச் சிறை. அது ஒரு தமிழ்க் குடும்பம். என் வகுப்பில் அந்த வாரம் மியன்மார்ப் பெண்கள் என் முகத்தைப் பார்த்துப் பேசவே தயங்கினார்கள். நான் என்ன சொல்ல முடியும்?

எந்தக் குற்றத் தொடர் எழுத்தாளருக்கும் இப்படி ஒரு வீட்டை எழுதத் தோன்றாது. அதில் மேதாவிக் கொலைகாரன் யாரும் இல்லை. பக்கத்துக் கதவு, மின்தூக்கி, கீழே கோப்பிக்கடை எல்லாம் வழக்கம்போல இருந்திருக்கும். 2023 ஜனவரியிலிருந்து, பணிப்பெண்ணுக்கு மாதத்தில் ஒரு நாளாவது ஓய்வு கட்டாயம், பணம் கொடுத்து அதை ஈடுகட்டக்கூடாது என்று விதி வந்தது. அந்த ஒரு நாளில் வெளியாள் யாராவது அவரைப் பார்ப்பார், பேசுவார், மெலிந்திருக்கிறாரே என்று கேட்பார். டெட்ராய்ட்டுத் தெருவில் இல்லாமல்போனது அந்த ஒரு ஆள்தான்.


நைட்ஷிப்ட்_தாதி | இரவு 8.12

அக்கா, இதைப் படித்துவிட்டு வார்டுக்குப் போகிறேன். சந்தேகமான காயத்தோடு பணிப்பெண் யாராவது வந்தால், முதலாளியை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுத் தனியாகப் பேச வேண்டும் என்பதை நான் என் ஆட்களிடம் எப்போதும் வற்புறுத்துவேன். 'கீழே விழுந்துவிட்டாள்' என்பதை அடிக்கடி கேட்கிறோம்.


பொங்கோல்_அம்மா_இருவர் | இரவு 9.05

நான் எதிர்க் கருத்து சொல்ல வந்தேன். மூன்று பருவத்தோடு நிறுத்திவிட்டேன். வாரத்துக்கு ஒரு பெண்ணைக் கட்டிப்போட்டுக் கத்தவிட்டு, அந்தக் கத்தலையே தொடக்கக் காட்சியாக வைத்து, பிறகு பாட்டுப் போட்டுப் பெயர்களை ஓட்டுகிறார்கள். குழுவின் மூத்தவர் கிடியானாக நடித்த மேண்டி பட்டின்கினே இதனால்தான் 2007-ல் போனார். 2012-ல் ஒரு பேட்டியில், இந்தத் தொடரில் நடிக்கச் சம்மதித்ததுதான் தான் வெளிப்படையாகச் செய்த மிகப்பெரிய தவறு என்றும், வாராவாரம் பெண்களைக் கொல்வதும் வன்புணர்வதுமாகப் போனது தன் ஆன்மாவையே சிதைத்தது என்றும் சொன்னார். உள்ளே இருந்தவருக்கே அப்படி என்றால் நாம் ஏன் வேலை முடிந்து களைத்து வந்து அதைப் பார்க்க வேண்டும்?


தெம்பனிஸ்_ஆந்தை | இரவு 9.40

அக்கா, பாதிக்கு மேல் ஒத்துக்கொள்கிறேன். நீங்கள் சொல்லும் அந்தத் தொடக்கக் காட்சிகள் பல வெறும் வழக்கத்துக்காக எடுக்கப்பட்டவை. இறந்தவளின் பெயர்கூட நமக்கு நினைவில் இருக்காது. அப்படிப்பட்ட பகுதிகளை நாங்களும் இப்போது தாண்டிவிடுகிறோம்.

ஆனால் இந்த இழையில் எல்லோரும் எழுதியிருப்பதைப் பாருங்கள். நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பெண்களுக்கு வலிக்கிறது, தங்கையை யாரும் தேடவில்லை, மூன்றாமவளின் அம்மா எங்கே போவாள் என்றுதான் எழுதியிருக்கிறோம். தொடர் செத்தவரை ஒரு மனிதராக நிறுத்திவிட்டால் நமக்குத் தூக்கம் போய்விடுகிறது. பிணமாக மட்டும் காட்டினால் மறந்துவிடுகிறோம். பட்டின்கின் சொன்ன குற்றச்சாட்டு இரண்டாவது வகைக்கு முழுக்கப் பொருந்தும். முதல் வகையைப் பார்க்கச் சொல்லி நான் வாதாடத் தயார், உங்களைக் கட்டாயப்படுத்தமாட்டேன்.


பொங்கோல்_அம்மா_இருவர் | இரவு 9.52

சரி. அப்படியென்றால் பட்டின்கின் நடித்ததிலேயே ஒன்றை நானே சொல்கிறேன், அந்த ஒரு பகுதி மட்டும் எனக்கு முக்கியம். முதல் பருவம், 'ரைடிங் த லைட்னிங்'. மரண தண்டனைக்கு முந்தைய மணி நேரங்களில் ஒரு தம்பதியை விசாரிக்கிறார்கள். கணவன் பல பெண்களைக் கொன்றவன். மனைவி சாரா ஜீன், தன் சொந்த மகனையே கொன்றதாக ஒப்புக்கொண்டவள். அவள் யாரையும் கொல்லவில்லை என்று கிடியான் கண்டுபிடிக்கிறார். மகனை இன்னொரு குடும்பத்திடம் ரகசியமாகக் கொடுத்திருக்கிறாள். அவன் உயிரோடு இருப்பதை நிரூபித்தால் அவள் பிழைப்பாள், ஆனால் தன் அப்பா யார் என்று பையனுக்குத் தெரிந்துவிடும். வேண்டாம் என்கிறாள். கிடியான் வாயை மூடிக்கொண்டு அவள் சாவதைப் பார்க்கிறார்.

மரண தண்டனை உள்ள ஊரில் இருந்துகொண்டு அதைப் பார்ப்பது வேறு அனுபவம். எங்கள் வீட்டிலேயே அதை ஆதரிப்பவரும் எதிர்ப்பவரும் இருக்கிறார்கள். அன்றைக்கு இரண்டு தரப்பும் பேசவில்லை. அவள் அம்மாவாக எடுத்த முடிவை நான் எடுத்திருப்பேனா என்று மட்டும் யோசித்துக்கொண்டிருந்தேன். எடுத்திருப்பேன்.


ஈசூன்_ரிங்_ரோடு | இரவு 10.30

அமெரிக்கத் தொடர் எதுவும் எனக்கு 'கிரைம்வாட்ச்' அளவுக்குப் பயம் காட்டியதில்லை. 1986-லிருந்து நம் காவல்துறையும் தொலைக்காட்சியும் சேர்ந்து தயாரிப்பது. நடித்துக்காட்டும் காட்சிகளில் வரும் மின்தூக்கி எங்கள் அடுக்குமாடி புளோக் மின்தூக்கி மாதிரியே இருக்கும். படிக்கட்டு, கீழ்த்தளத்துக் கல்மேசை, எல்லாமே அப்படியே. பார்த்த பிறகு ஒன்பதாம் மாடிக்குத் தனியாக ஏற மாட்டேன். வர்ஜீனியாவிலிருந்து தனி விமானத்தில் பறந்து வரும் நிபுணர்களைப் பார்க்கும்போது, அது எங்கோ நடக்கிறது என்று மனம் சொல்லிக்கொள்ளும்.


கோப்பி_ஓ_கோசோங் | இரவு 10.41

இது உண்மை. எனக்கும் மின்தூக்கிதான்.


சாங்கி_டெர்மினல்3 | நள்ளிரவு 12.20

'100' பகுதியை யாருமே எழுதவில்லையே. ஐந்தாம் பருவம், 2009 நவம்பரில் வந்தது. பாஸ்டன் ரீப்பர் என்ற ஃபோயெட், குழுத் தலைவர் ஹாட்ச்சின் முன்னாள் மனைவி ஹேலியை ஏமாற்றி வீட்டுக்கு வரவைக்கிறான். ஹாட்ச் காரில் பறந்துகொண்டிருக்கிறார், கையில் தொலைபேசி மட்டும். சின்ன மகன் ஜேக்கிடம், இந்த வழக்கில் எனக்கு உதவி செய், என்கிறார். அது அவர்கள் இருவரும் விளையாடும் விளையாட்டு. அப்பாவின் அறையில் உள்ள பெட்டிக்குள் ஒளிந்துகொள்ள வேண்டும் என்று பிள்ளைக்குப் புரிகிறது. ஹேலி தன் மகனுக்கு அன்பைச் சொல்லிக்கொடு, நாம் எப்படிச் சந்தித்தோம் என்று சொல் என்கிறாள். பிறகு துப்பாக்கிச் சத்தம். அதன் பிறகு ஹாட்ச் வெறும் கையால் ஃபோயெட்டை அடித்தே கொல்கிறார்.

வேலைக்காக மாதத்தில் பாதி நாள் வெளியூரில் இருப்பவன் நான். இரவில் பிள்ளைகளோடு பேசுவது தொலைபேசியில்தான். ஒரு அப்பா குரலை நடுங்கவிடாமல் பேசுகிறார் பாருங்கள், தாமஸ் கிப்சன் அந்த இடத்தில் நடித்ததுபோல இந்தத் தொடரில் வேறு யாரும் நடித்ததில்லை. பார்த்து முடித்ததும் நேரம் பார்க்காமல் வீட்டுக்கு அழைத்தேன். மனைவி திட்டினாள், ஆனால் பிள்ளையை எழுப்பிக் கொடுத்தாள்.


தோபாயோ_புதுசு | காலை 8.15

வணக்கம். நேற்று முழுக்கப் படித்தேன். என் மகனுக்கு 14 வயது. பள்ளி நண்பர்கள் எல்லோரும் இந்தத் தொடரைப் பேசுகிறார்களாம், பார்க்க வேண்டும் என்கிறான். எதைக் காட்டலாம், எதைக் காட்டக்கூடாது?


தெம்பனிஸ்_ஆந்தை | காலை 8.50

அக்கா, என் கருத்து இது, உங்கள் பிள்ளையை உங்களுக்குத்தான் தெரியும்.

இலவச ஒளிவழிகளில் பிஜி13, அதாவது 13 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான நிகழ்ச்சியே இரவு 10 மணிக்குப் பிறகுதான் வரும். இணையத் தளங்களில் அந்த நேரக் கட்டுப்பாடு கிடையாது. எனவே முதலில் அவன் கணக்கில் வயது வரம்பை வைத்து, உங்கள் கணக்குக்குக் கடவுச்சொல் போடுங்கள். தொடரின் தரநிலை அவன் வயதைத் தாண்டியிருந்தால் இன்னும் இரண்டு ஆண்டு பொறுக்கச் சொல்வதில் தவறில்லை. நண்பர்கள் பார்த்துவிட்டார்கள் என்பது ஒரு காரணமே இல்லை.

காட்டத்தான் போகிறீர்கள் என்றால் தனியாக விடாதீர்கள், கூட உட்காருங்கள். 'தி லெசன்', 'லக்கி', பன்றிப் பண்ணை இரண்டு பகுதிகள், இவை இப்போதைக்கு வேண்டவே வேண்டாம். இரண்டாம் பருவத்தில் ரீட் கடத்தப்பட்டுச் சித்திரவதைப்படும் 'ரெவலேஷன்ஸ்' பகுதியும் வேண்டாம். அதில் போதை மருந்து ஊசி வருகிறது, அதன் விளைவு அடுத்தடுத்த பகுதிகளிலும் தொடர்கிறது. 2022-ல் தொடங்கிய 'எவல்யூஷன்' முழுக்கவே பெரியவர்களுக்கானது. பெருந்தொற்றுக் காலத்தில் இணையம் வழியாகக் கொலைகாரர்களை ஒன்றுசேர்க்கும் ஒருவனைப் பற்றிய கதை, வன்முறையும் பழைய தொடரைவிட வெளிப்படை.

'ரைடிங் த லைட்னிங்' பகுதியை அவனோடு சேர்ந்து பார்க்கலாம் என்று நினைக்கிறேன். பேசுவதற்கு நிறைய இருக்கிறது. பொங்கோல் அக்கா என்ன சொல்கிறீர்கள்?


பொங்கோல்_அம்மா_இருவர் | காலை 9.14

என் மூத்தவளுக்கு 15 வயதில் காட்டினேன். பாதியில் நிறுத்தி, அந்த அம்மா செய்வது சரியா என்று கேட்டாள். முடிந்த பிறகும் பேசிக்கொண்டிருந்தோம், அவள் என்னோடு ஒத்துப்போகவில்லை. பையனுக்கு உண்மை தெரிந்திருக்க வேண்டும் என்பது அவள் கட்சி. 14 வயதுக்குக் கொஞ்சம் சீக்கிரம்தான் என்றாலும், பக்கத்தில் நீங்கள் இருந்தால் பரவாயில்லை. பள்ளி விடுமுறையில் பகல் நேரத்தில் காட்டுங்கள், இரவில் வேண்டாம்.


தோபாயோ_புதுசு | காலை 9.30

ஜூன் விடுமுறைக்கு வைத்துக்கொள்கிறேன். முதலில் நான் தனியாக ஒருமுறை பார்த்துவிடுகிறேன். அது முதல் பருவத்தில் எத்தனையாவது பகுதி?


தெம்பனிஸ்_ஆந்தை | காலை 9.33

14.